எங்கை போறியள்

2005ஆம் ஆண்டு ஐப்பசியிலேயே ஜேர்மனியின் சோஸ்ட் நகரத்துக்குக் குளிர் வந்துவிட்டது. வழக்கமாக அது கார்த்திகையில்தான் வரும். வருமுன் ஒரு கிழமை மழையை அனுப்பி ஊரைப் பார்த்துவரச் சொல்லும். அந்த முறை மழையையும் அனுப்பவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஒரு காலை எழும்பிப் பார்த்தால், எங்கள் கட்டிடத்து முற்றத்தில் ஒரு புறா காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மத்தியானமும் அதே இடத்தில் நின்றது. பொழுதுபடப் பார்த்தபோது இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு நின்றது. பிறகு எதன்மேல் நின்றது என்று கேட்கக்கூடாது. கண்டதைத்தான் சொல்லலாம்.

அந்தப் புறாவுக்குப் பக்கத்தில், எங்கள் கட்டிடத்தில் இருக்கிற ஞானசுந்தரத்தின் வான் வண்டி நின்றது. வான் என்றால் அவருக்குக் கோபம் வரும்.

"பரா அண்ணை, உது வான் இல்லை. வோன்மோபில். உதுக்குள்ளை ஒரு வீடு இருக்கு."

இருந்ததுதான். கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி, மூலையில் கதவு போட்ட கக்கூசு. கக்கூசுக்குள் இருக்கிறவர் கதவைச் சாத்த வேண்டுமென்றால் முழங்கால் இரண்டையும் வெளியே விட்டுவிட்டுத்தான் சாத்தலாம். மற்றப்படி குறையில்லை.

அதை அவர் வாங்கியது ஹோர்ஸ்டின் பேச்சைக் கேட்டு. ஹோர்ஸ்ட், ஞானசுந்தரத்தோடு குளிர்க் களஞ்சியத்தில் வேலை செய்து, அவருக்கு முன்பே பென்ஷன் எடுத்த ஜேர்மன்காரர். இலை கொட்டத் தொடங்கியதும் ஹோர்ஸ்டும் மனைவி கீசலாவும் தங்கள் வண்டியில் ஏறி ஸ்பெயினின் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். அங்கே காம்பிங் எனப்படும் திடலில் ஜேர்மன், ஒல்லாந்து, சுவீடன் கிழவர் கிழவிகள் கடலுக்கு முன்னால் வரிசையாக வண்டிகளை விட்டு, மடக்குக் கதிரைகளைப் போட்டு, மாசி முடியும்வரை கருவாடு மாதிரி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காய்வார்கள். ஹோர்ஸ்ட் தன் வண்டிக்குப் பக்கத்து இடத்தை ஞானசுந்தரத்துக்குப் பிடித்து வைத்திருந்தார். ஜேர்மன் முறைப்படி ஒரு கதிரையை வைத்து அதன்மேல் துவாயைப் போட்டிருந்தார். அதை மீறி அங்கே ஒருவரும் வரமாட்டார்கள். ஆனால் துவாய்க்கும் ஒரு காலக்கெடு உண்டு.

வெயில் ஞானசுந்தரத்துக்குச் சொகுசு அல்ல. இருபது வருடம் அந்தக் களஞ்சியத்தில் உறைந்த மீன் பெட்டிகளை இறக்கி ஏற்றிய மனுசன். உள்ளே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தெட்டுப் பாகை. ஒருமுறை தேத்தண்ணிப் போத்தலை உள்ளே மறந்து வைத்துவிட்டு வந்தார். பின்னேரம் அந்தத் தேத்தண்ணியை வாளால் அரிந்து ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்ததாக ஹோர்ஸ்ட் எனக்குச் சொன்னார். ஜேர்மன்காரர் பொய் சொல்வதில்லை என்று சொல்வார்கள்.

இருபது வருடக் குளிர் அவருடைய விரல்களில் போய்த் தங்கிவிட்டது. வெளியே கொஞ்சம் காற்றடித்தால் போதும், நுனியிலிருந்து இரண்டாம் கணுமட்டும் சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்துவிடும். பிறகு நீலம், பிறகு சிவப்பு. டொக்டர் அதற்கு ஒரு பிரெஞ்சுக்காரனின் பேரைச் சொன்னார். மாத்திரையும் கொடுத்தார். "குளிர்காலத்திலே சூடான இடத்துக்குப் போங்கள். இல்லாவிட்டால் விரல் நுனிகளில் புண் வரும், பிறகு வெட்ட வேண்டியும் வரும்," என்றார். ஞானசுந்தரம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கையை நீட்டிக் காட்டி, "இஞ்சாரும், என்ரை விரலும் ஜேர்மன் சிற்றிசன் எடுத்துப்போட்டுது," என்றார். சுந்தரேஸ்வரி சிரிக்கவில்லை.

அவ வண்டியை முதல் பார்த்தபோதே சொன்னா.

"காம்பிங் எண்டால் என்ன? காம்ப்தானே?"

"காம்ப் வேறை, காம்பிங் வேறை."

"என்ன வித்தியாசம்?"

"காம்பிங்குக்குச் சனம் காசு குடுத்துப் போகுது."

"நான் காசு குடாமலே இருந்துபோட்டு வந்தனான். பள்ளிக்கூடத்துக் காம்பிலை இருந்தனான். இஞ்சை வந்து அகதி முகாமிலையும் இருந்தனான். வரிசையிலை நிண்டு குளிச்சனான். அங்கையும் வரிசையிலை நிண்டுதான் குளிக்கிறதோ?"

ஞானசுந்தரம் என்னைப் பார்த்தார். நான் புறாவைப் பார்த்தேன்.

"வரிசை இருக்குத்தான்," என்றார். "ஆனால் சுடுதண்ணி."

எப்படியோ அவ சம்மதித்தா. வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், ஒடியல்மா, ஊறுகாய், ஆறு மாதத்துக்குக் காணும் பருப்பு எல்லாம் வண்டியின் வயிற்றுக்குள் போயின. ஏற்றி முடிந்தபோது வண்டி ஒரு விரற்கடை தாழ்ந்து நின்றது. கோயில் கலண்டரைப் பார்த்து நல்ல நாளும் எடுத்தா. யாழ்ப்பாணத்து நேரத்தை ஜேர்மன் நேரத்துக்கு மாற்றியதில் கொஞ்சம் பிசகு இருந்தது, ஆனாலும் நாள் நல்ல நாள்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வெளிக்கிட்டுப் படியிறங்கியவரிடம் "எங்கே போகிறீர்கள்" என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. கேட்காமல் இருக்கவே முடியாது என்றால் "தூரமோ?" என்று கேட்கலாம். அவர் "ஓம்" என்பார், அல்லது "கிட்டத்தான்" என்பார். இரண்டும் பொய்யாக இருக்கலாம், அது பரவாயில்லை. யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், திரும்பி வீட்டுக்குப் போய், கொஞ்சம் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படவேண்டும். கடைக்குப் போகிறவருக்கு அவ்வளவு காணும். ஸ்பெயினுக்குப் போகிறவருக்குக் காணாது, வேறு நாள்தான் பார்க்கவேண்டும் என்பது சுந்தரேஸ்வரியின் தீர்ப்பு.

முதல்நாள் புறப்பாடு சிறப்பாக இருந்தது. நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய். முன்னால் கற்பூரம். தேங்காயை ஞானசுந்தரம் முற்றத்துக் கல்லில் அடித்தார். விரல் பிடிக்காததால் அது உடையாமல் உருண்டு, குப்பைத் தொட்டிகளுக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. நான் எடுத்துக்கொண்டு வந்து உடைத்துக் கொடுத்தேன். சுந்தரேஸ்வரி வலது காலை வைத்து ஏறி, இடுப்புப் பட்டியைப் போட்டு, முருகனை நினைத்துக் கண்ணை மூடினா. அவ கண்ணைத் திறக்கவும், முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்த சந்திரகாந்தி சைக்கிளில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. மேல்மாடியில் இருக்கிற பிள்ளை. நல்ல பிள்ளை. வாய் மட்டும் கொஞ்சம் முந்தி.

"என்னக்கா, வெள்ளனவே வெளிக்கிட்டாச்சு. எங்கை போறியள்?"

முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு தேசிக்காய் தானாக நசிந்தது எனக்குக் கேட்டது.

சுந்தரேஸ்வரி பட்டியைக் கழற்றினா. இறங்கினா. ஒன்றும் பேசாமல் படியேறினா. சந்திரகாந்தி சைக்கிளைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"நான் என்ன அண்ணை கேட்டனான்?"

"ஒண்டும் இல்லை பிள்ளை," என்றேன். "ஸ்பெயினைத்தான் கேட்டனீர்."

அடுத்த நல்ல நாள் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஞாயிறு மத்தியானத்தில் எங்கள் ஆட்கள் ஒருவரும் வெளியே தலைகாட்டமாட்டார்கள். ஆட்டிறைச்சியும் நித்திரையும் அவர்களைக் கட்டிப் போட்டுவிடும். சந்திரகாந்தியின் வாசலில் போய் நானே நின்றேன். காவல் காத்திருக்க வேண்டியது எங்கள் ஆட்களை அல்ல, கிறவுஸவை.

கிறவுஸ எங்கள் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிற ஹவுஸ்மைஸ்டர். பனி கூட்டுகிற தும்புத்தடியும் வாளியுமாகத் திரிவார். நல்ல மனுசன், கூடாத பழக்கம் ஒன்றும் இல்லை, கேள்வி கேட்பதைத் தவிர. அவர் வண்டியின் யன்னலில் தட்டி, தொப்பியைத் தூக்கி, சந்தோசமாகக் கேட்டார்:

"நா, வோகின்?"

வோகின் என்றால் எங்கை போறியள் என்பதுதான்.

நான் மேலிருந்து இறங்கி வருகிறேன், சுந்தரேஸ்வரி ஏறி வருகிறா. பின்னால் ஞானசுந்தரம், வண்டித் திறப்பைக் கையில் ஆட்டிக்கொண்டு.

"இஞ்சாரும். அவன் ஜேர்மன்காரன். அவனுக்கு உது தெரியாது."

"தெரியாமல் கேட்டாலும் கேட்டதுதானே."

"ஜேர்மன் பாசையிலை கேட்டவன். அது கணக்கில்லை. சகுனத்துக்கு ஜேர்மன் தெரியுமோ?"

சுந்தரேஸ்வரி படியில் நின்று திரும்பினா.

"பல்லி சொல்லுறது என்ன பாசை?"

ஞானசுந்தரம் திறப்பை ஆட்டுவதை நிறுத்தினார்.

"சொல்லுங்கோவன். தமிழோ? பல்லி சொன்னால் நிக்கிறியள்தானே? கிறவுஸ பல்லியிலும் பார்க்கக் குறைவோ?"

இதற்கு ஞானசுந்தரம் இன்றுவரை மறுமொழி தேடுகிறார். நானும் தேடினேன். கிடைக்கவில்லை. அவ குசினிக்குள் போய்த் தண்ணீர் குடிக்கிற சத்தம் கீழ்வரை கேட்டது.

அந்தக் கிழமையே பனி கொட்டியது. வெறும் பனி இல்லை, ஈரப்பனி. எங்களுக்கு வடக்கே மின்கம்பிகளில் அது கை மொத்தத்துக்கு ஒட்டிக்கொண்டு கம்பங்களை முறிக்க, ஊர் ஊராகச் சனம் இருட்டில் கிடந்தது. அதைப் பேப்பரிலே போட்டார்கள். போடாததையும் சொல்கிறேன். பஸ்தரிப்பில் நான் தும்மியபோது என் மீசையின் இடதுபாதி ஒடிந்து விழுந்தது. எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தேன், கரைந்துவிட்டது. ஞானசுந்தரம் வண்டியின் மேலே கிடந்த பனியை வழிக்கப் போய், கையுறையோடு திரும்பிவந்து, கையுறையைக் கழற்ற முடியாமல் என் வீட்டு ஹீட்டருக்கு முன்னால் இருந்தார். கழற்றியபோது சுட்டுவிரல் நுனியில் பொட்டுப்போல் ஒரு கறுப்பு.

"அவவுக்குச் சொல்லாதையுங்கோ அண்ணை."

"ஏன்?"

"சொன்னால் அதுக்கும் ஒரு நல்ல நாள் பாப்பா."

மூன்றாம் முறை நாங்கள் படைபோல ஆயத்தம் செய்தோம். சந்திரகாந்தி வேலையில் இருந்தாள். கிறவுஸவை நான் நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போய், சூட்டுக் குழாயில் ஒரு சீற்றம் கேட்கிறது என்றேன். அவர் காதை வைத்துப் பார்த்தார். கேட்கவில்லை என்றார். கொஞ்ச நேரம் பொறுங்கள், அது வெட்கப்படுகிற சீற்றம் என்றேன். நாங்கள் மேலே வந்தபோது முற்றத்தில் வண்டி இல்லை. பனிமேல் இரண்டு நீளக் கோடுகள் வாசலைத் தாண்டி வீதிக்குப் போயிருந்தன. அன்று நான் மத்தியானச் சாப்பாட்டை இரண்டு தரம் சாப்பிட்டேன்.

அடுத்தநாள் பின்னேரம் யன்னலால் பார்த்தேன். வண்டி பழைய இடத்தில் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் நின்றது.

நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தன. கல்யாணம் கட்டி முப்பது வருடத்தில் அவர்கள் ஒரு விடயத்தை ஒரே மாதிரிச் சொன்னது அதுதான் முதல்முறை. கொலோன் தாண்டி, மோசல் ஆறு தாண்டி, சார்புறூக்கன் வரை நல்லாகப் போயிருக்கிறார்கள். வழியில் புட்டும் மீன்பொரியலும் சாப்பிட்டு, பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறார்கள். சுந்தரேஸ்வரி ஒரு தேவாரம்கூடப் பாடியிருக்கிறா. பிரெஞ்சு எல்லைக்குக் கிட்ட ஒரு பொலிஸ் கார் முன்னால் வந்து பலகை காட்டி ஒதுக்குப்புறமாக நிறுத்தச் சொன்னது. இளம் பொலிஸ்காரன். கடவுச்சீட்டுகளைப் பார்த்தான். இரண்டும் ஜேர்மன் கடவுச்சீட்டு. திருப்பிக் கொடுத்தான். மரியாதையாகச் சிரித்தான். அதோடு போயிருக்கலாம்.

"எங்கே போகிறீர்கள்?" என்றான்.

அதிலிருந்து எல்லை ஒரு சுருட்டுப் பற்றவைக்கிற தூரம்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது சுந்தரேஸ்வரி குசினி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. ஞானசுந்தரம் குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். இன்னும் வண்டிக்குள் இருக்கிறவர் மாதிரி முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ," என்றா சுந்தரேஸ்வரி. "தேத்தண்ணி போடட்டோ?"

"போடும் பிள்ளை. அப்ப பிரான்ஸ் எப்பிடி?"

"பிரான்சைக் கண்டனான் அண்ணை," என்றார் ஞானசுந்தரம். "கண்ணாடிக்குள்ளாலை. மரமெல்லாம் இங்கத்தையான் மாதிரித்தான்."

"நீங்கள் ஓட்டுறனீங்கள்தானே," என்றேன். "ஓட வேண்டியதுதானே."

"திருப்புங்கோ எண்டா. நான் மாட்டன் எண்டனான். சரி எண்டு சொல்லிப்போட்டுக் கதவைத் திறந்தவா. ஓடுற வண்டியிலை. ஒட்டோபான் பெருந்தெருவிலை. இந்த வயதிலை."

"மெதுவாத்தானே போனது," என்றா சுந்தரேஸ்வரி.

"மெதுவா எண்டால்? எழுபது."

"எனக்குத் தெரியுமோ அது எழுபது எண்டு."

ஞானசுந்தரம் முதன்முறையாகத் திரும்பி அவவைப் பார்த்தார்.

"சரி. நான் ஒண்டு கேக்கிறன். அண்ணையும் இருக்கிறார், அண்ணைக்கு முன்னாலை சொல்லும். ஹம் நகரத்துக் கோயில் தேருக்குப் போகேக்கை சந்திரகாந்தி கேட்டவள். 'எங்கையக்கா, கோயிலுக்கோ?' எண்டு கேட்டவள். நீர் ஓம் எண்டு சொல்லிப்போட்டுக் காரிலை ஏறினீர். மகளிட்டை பான் நகரத்துக்குப் போகேக்கை இந்தக் கிறவுஸ கேட்டவன். ஏறினீர். டொக்டரிட்டைப் போகேக்கை ஊரே கேக்குது. ஸ்பெயினுக்கு மட்டும் ஏன் உந்தச் சகுனம்?"

வெங்காயம் உரிப்பது நின்றது.

"கோயிலாலை திரும்பி வருவன் எண்டு தெரியும்," என்றா.

"ஸ்பெயினாலை வரமாட்டமோ? மாசி முடியத் திரும்பிறதுதானே. உமக்கு எத்தினை தரம் சொல்லுறது?"

"ஊரிலை வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை, ரெண்டு நாள் எண்டுதான் அண்டைக்கும் சொன்னவை."

உரித்த வெங்காயத்தை அவ தள்ளி வைத்தா.

"நீங்கள் அப்ப இஞ்சை மீன் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தனீங்கள். நான்தான் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டனான். ரெண்டு நாளைக்குப் பள்ளிக்கூடத்திலை இருந்துபோட்டுத் திரும்பி வரலாம் எண்டுதான் சொன்னவை. அடுப்பிலை பால் வைச்சபடி. ஒழுங்கையிலை செல்லையா வாத்தியார் நிண்டவர். எங்கை பிள்ளை போறாய் எண்டு கேட்டவர். நான் நிக்கேல்லை. நிண்டு ஒரு மிடறு தண்ணி குடிச்சுப்போட்டு வெளிக்கிட்டிருக்கலாம். செல் குண்டு விழுந்தாலும் ஒரு மிடறு தண்ணி குடிக்க எவ்வளவு நேரம் செல்லும்? குடிக்கேல்லை. இஞ்சை வந்து நிக்கிறன்."

அவ போட்டுத் தந்திருந்த தேத்தண்ணியை நான் பார்த்தேன். அதன்மேல் ஆடை படிந்திருந்தது.

"அப்ப இது," ஞானசுந்தரம் மெதுவாகச் சொன்னார், "ஆறு மாதத்துச் சாமானையும் ஏத்திக்கொண்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, சில்லிலை ஏறிப்போறது..."

"எனக்கு அது காம்ப்தான்," என்றா. "நீங்கள் என்ன பேரைச் சொன்னாலும்."

அடுத்த கிழமை ஹோர்ஸ்ட் தொலைபேசினார். அங்கே இருபத்தொரு பாகை வெயில் என்றார். கீசலா கடலில் குளித்துவிட்டு வந்து சுருண்டு படுத்திருக்கிறா என்றார். பிறகு தொண்டையைச் செருமி, துவாய் எடுபட்டுப் போய்விட்டது, அந்த இடத்தில் ஒல்லாந்துக்காரர் இரண்டுபேர் வந்து நிற்கிறார்கள், கழிவறைக் கட்டிடத்துக்குப் பின்னால் மட்டும் ஒரு இடம் கிடக்கிறது என்றார். ஞானசுந்தரம் "நல்லது, நன்றி" என்று ஜேர்மனில் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். வைத்த பிறகும் அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் விடவில்லையா, அவர் விடவில்லையா என்று எனக்குத் தெரியாது.

தைமாதம் பிறந்ததும் அவர் வண்டிக்குள் குடியேறிவிட்டார். சண்டை பிடித்துக்கொண்டு அல்ல. காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கீழே போவார். வண்டியின் சின்ன ஹீட்டரைப் போடுவார், வானொலியைப் போடுவார், மடக்குக் கதிரையை உள்ளே விரித்து, காலை நீட்டி, முன்கண்ணாடியால் குப்பைத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் போய்த் தட்டினால் திறப்பார்.

"வாங்கோ அண்ணை. ஸ்பெயினுக்கு வாங்கோ."

"கடல் எந்தப் பக்கம்?"

"அந்தா, நீலத் தொட்டிக்கு அங்காலை. பேப்பர் போடுறது."

மத்தியானம் சுந்தரேஸ்வரி மேல் யன்னலைத் திறந்து கூப்பிடுவா. சாப்பிட ஏறிப் போவார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி ஸ்பெயினுக்கு வருவார். கிறவுஸ வந்து இப்படி நிற்கிற வண்டியில் ஆள் குடியிருக்கச் சட்டம் இருக்கிறதா என்று என்னிடம் விசாரித்தார். குடியிருக்கவில்லை, பயணம் போகிறார், கொஞ்சம் மெதுவாகப் போகிறார் என்றேன்.

ஒருநாள் மத்தியானம் சுந்தரேஸ்வரி என் கதவைத் தட்டினா. கையில் மாவு. முகம் சரியாக இல்லை.

"அண்ணை, இவருக்கு நான் கீரைக்குழம்பு விட்டுக் குத்தரிசிச் சோறு போட்டனான். அடுப்பாலை இறக்கின கையோடை. அவ்வளவு சூடு. கரண்டியாலை எடுத்தால் ஆவி பறக்குது. பொறுங்கோ, ஆறட்டும் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பினனான். திரும்பிப் பார்த்தால் குழைச்சுக்கொண்டிருக்கிறார்."

"பசியாக்கும்."

"இல்லை அண்ணை. குழைச்சுக்கொண்டே இருக்கிறார். கையை எடுக்கேல்லை. என்னோடை கதைச்சுக்கொண்டு, வானொலியிலை கேட்டதைச் சொல்லிக்கொண்டு. நான் போய்க் கையைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தால் மூண்டு விரலிலையும் கொப்புளம்." அவ தன் கையைப் பார்த்தா. "சோறு சுடுதெண்டு அவருக்குத் தெரியேல்லை."

நான் அவவுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். அவ இருக்கவில்லை.

"இப்ப கரண்டியாலை சாப்பிடுறார்," என்றா. "சோத்தை. கரண்டியாலை."

போய்விட்டா.

இரண்டு நாள் கழித்து நான் வண்டிக்குள் ஞானசுந்தரத்தோடு இருந்தேன். விரல்களில் கட்டு. வெளியே பனி தூவிக்கொண்டிருந்தது. வானொலியில் ஒருவர் நாளைக்கும் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது கட்டிடத்துக் கதவு திறந்தது. சுந்தரேஸ்வரி வந்தா. பட்டுச்சீலை, அதன்மேல் குளிர்ச்சட்டை, காலில் பனிச் சப்பாத்து, ஒரு கையில் சின்னப் பெட்டி, மற்றக் கையில் புட்டுப் பொதி. அவ கலண்டர் பார்த்துவிட்டு வரவில்லை, பிறகு நான்தான் பார்த்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. மரண யோகம்.

முன்கதவைத் திறந்தா. எந்தக் காலை வைத்தா என்றும் பார்க்காமல் ஏறி இருந்தா. பெட்டியை மடியில் வைத்தா.

ஞானசுந்தரம் பின்னால் இருந்த மடக்குக் கதிரையிலிருந்து எழும்பி, தலை முகட்டில் இடிக்க நின்று, அவவைப் பார்த்தார். மூன்று மாதமாகச் சந்திரகாந்தியின் வாயை, கிறவுஸவின் வாயை, ஜேர்மன் பொலிசின் வாயை, என் வாயையும் காவல் காத்த மனுசன்.

"இஞ்சாரும்," என்றார். "எங்கை போறீர்?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவருக்கே கேட்டது. கட்டுப் போட்ட கையைத் தூக்கி வாயில் வைத்தார். கை வாயில் பட்டதா என்று அவருக்குத் தெரிந்திராது.

நான் வானொலியை நிறுத்தினேன். வேறு என்ன செய்வது.

சுந்தரேஸ்வரி திரும்பவில்லை. முன்கண்ணாடியால் நீலத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"கேட்டிட்டியள்," என்றா.

"வாய் தவறி..."

"ஆரோ ஒராள் கேப்பியள் எண்டு தெரியும். இறங்கேக்கையே ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சிட்டுத்தான் வந்தனான். இப்ப கேட்டதுக்கு ஒரு கிளாஸ். மற்றது மிச்சம் கிடக்கு, பொலிசுக்கு." பட்டியை இழுத்து மாட்டினா. "எடுங்கோ வண்டியை."

"கக்கூசுக்குப் பின்னாலைதான் இடம்."

"கிட்டத்தானே, நல்லது. எடுங்கோ."

ஞானசுந்தரம் முன்னால் தாவி ஏறினார். கட்டுப் போட்ட விரல்களால் திறப்பை இரண்டு தரம் கீழே போட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். திருகினார்.

வண்டி ஒரு முனகல் முனகியது. கிழவன் படுக்கையில் புரளுகிற மாதிரி. பிறகு அதுவும் இல்லை. மறுபடி திருகினார். கிளிக் என்றது. தைமாதம் முழுக்க ஹீட்டரும் வானொலியும் பற்றரியைக் குடித்து முடித்திருந்தன.

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். இப்போது அவ இறங்கிவிடுவா என்று நினைத்து நான் இறங்கி வழிவிட்டு நின்றேன். அவ புட்டுப் பொதியை அவிழ்த்தா. ஒரு பிடி குழைத்து, ஆறிவிட்டதா என்று தன் கீழுதட்டில் வைத்துப் பார்த்து, அவருடைய வாய்க்கு நேரே நீட்டினா.

"சாப்பிடுங்கோ. நான் இறங்கமாட்டன். பரா அண்ணை, அந்தக் கிறவுஸவிட்டை வயர் இருக்கும், கேளுங்கோ."

இருந்தது. கிறவுஸ சிவப்பும் கறுப்புமாக வயரைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் காரைக் கொண்டுவந்து மூக்கோடு மூக்காக விட்டு, கொழுவினார். ஞானசுந்தரம் வாய்க்குள் புட்டோடு திருகினார். வண்டி இருமியது, உதறியது, முகட்டில் கிடந்த பனி முழுவதும் ஒரே சரிவாகச் சரிந்து என் தலையில் விழுந்தது. இயந்திரம் பிடித்துவிட்டது.

நான் பனியைத் துடைத்துவிட்டு யன்னலுக்குப் போனேன்.

"தூரமோ?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை," என்றா சுந்தரேஸ்வரி. "தூரம்தான். போட்டு வாறம்."

கிறவுஸ வயரைச் சுருட்டிக்கொண்டு மற்றப் பக்க யன்னலுக்கு வந்தார். வேலை சரிவந்த சந்தோசம் அவருக்கு. தொப்பியைத் தூக்கினார். முகம் மலர்ந்தது. வாய் திறந்தது.

"நா, வோ..."

ஒரு கிளாஸ் தண்ணீர் மிச்சம் இருந்தது உண்மைதான். ஆனால் அது பொலிசுக்கு. நான் வண்டியைச் சுற்றிப்போய் கிறவுஸவின் காலை மிதித்தேன். என் நிறை எண்பது கிலோ, சப்பாத்து வேறு. அவர் சத்தம் போட்டு, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார், அந்தப் புறா நின்ற அதே இடத்தில். அவர் மற்றக் காலையும் தூக்குவதற்குள் வண்டி வாசலைத் தாண்டிவிட்டது.